மூன்றாம் வகுப்பில் யாரும் இல்லை

பார்லரக்காவுக்குத் தனியாகக் கடை கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை. சுழலும் நாற்காலி ஒன்று, தலை கழுவும் தொட்டி ஒன்று, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி. காத்திருப்பவர்கள் உட்கார ஒரு பழைய பேருந்து இருக்கை. அதை எங்கிருந்து கழற்றி வந்தார் என்பது அவளுடைய கணவருக்கு மட்டுமே தெரியும். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாளெல்லாம் மாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் நின்று இரும்புக் கயிற்றுக்கு மசகு போடுகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். பேச்செல்லாம் அவளுடையது. யாருக்குக் கல்யாணம் தட்டிப்போனது, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தானாகக் காதில் விழும்.

சன்னலுக்கு நேர் எதிரே, குறுகலான தெருவைத் தாண்டி, அரசுத் தொடக்கப் பள்ளியின் பக்கச்சுவர். அவர்களுடைய ஒரே மகள் அங்கேதான் படித்தாள். ஆள் பொடிசு, பேச்சு உறைப்பு. அதனால் எல்லோருக்கும் அவள் மிளகு. மூன்றாம் வகுப்புக்கு வந்த வருடம், முடியைக் காது வரைக்கும் வெட்டிவிடச் சொல்லி அடம்பிடித்தாள். அம்மா வெட்டிவிட்டாள். அன்று பொழுதெல்லாம் கண்ணாடி முன்னால் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது பிள்ளை. மறுநாள் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். வெட்டின முடி ஒரு சுற்று வளர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வேறு வீடு பார்க்கலாம் என்று கணவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. காரணமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை. காலையில் இடைவேளை மணி அடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் இரைச்சல் எழும். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம். அதில் எது யார் குரல் என்று பெற்றவளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பிரிக்க முடியாமைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய கூச்சலில் ஒரு குரல் குறைந்திருக்கிறது என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? இடைவேளை முடிகிறவரை அவள் கத்தரியை எடுக்க மாட்டாள். நாற்காலியில் இருப்பவர்கள் டீ குடிக்கிற நேரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

பள்ளியை மூடப்போகிற செய்தி முதலில் அவளிடம்தான் வந்தது. தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வந்த பெரிய டீச்சர், அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை, பூச்சு காய்கிறவரை பேசாமல் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அப்படி இருக்கிறவர் அல்ல. தலையைக் கழுவும்போது, கண்ணை மூடியபடியே விஷயத்தைச் சொன்னார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். வருடக் கடைசியோடு பூட்டிவிட்டு, இருப்பவர்களை நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கும் பெரிய பள்ளியில் சேர்க்கப் போகிறார்களாம். கட்டடத்தை விற்கும் யோசனையும் இருக்கிறதாம். காதும் காதும் வைத்தாற்போல் முடிக்கப் பார்க்கிறார்கள், என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகும் பார்லரக்கா தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றாள். நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற வேகம் அவளுக்குத் தெரியும். அந்தச் சாலையைக் கடக்கப் போகிற பொடிசுகளை நினைத்தாள். ஆனால் அதற்கு முன்னால், ஒரு நொடி முன்னால், அவளுக்குத் தோன்றியது வேறு. இந்தத் தெரு இனிமேல் காலையில் எப்படி இருக்கும் என்பதுதான்.

மறுநாளிலிருந்து முன்னறை கூட்ட அறையானது. புருவத்தில் நூல் ஓடும்போது எந்தப் பெண்ணும் எழுந்து போக முடியாது. அந்த நேரத்தில் அவள் பள்ளிக் கதையை ஆரம்பிப்பாள். ஒரு புருவம் முடிந்ததும் நூலை நிறுத்திவிட்டு, கூட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்பாளாம். இரண்டாவது புருவத்துக்காகவே பாதித் தெரு சேர்ந்தது என்று பின்னால் கேலி பேசிக்கொண்டார்கள்.

ஆண்களைச் சேர்த்தவன் வேன்காரன். அவன் பிழைப்பே ஒரு வேடிக்கை. ஊரார் பிள்ளைகளைத் தினமும் தன் வேனில் அள்ளிக்கொண்டு தனியார் பள்ளியில் இறக்கிவிடுவான். சொந்தப் பிள்ளைகள் இரண்டையும் இந்த அரசுப் பள்ளிக்கு நடக்க விடுவான். வாயாடி, ஆனால் உழைப்பாளி. அக்கா அக்கா என்று அவளையே சுற்றி வந்தான். இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். தட்டி எழுதினார்கள். பள்ளி வாசலில் பெற்றோர்களை உட்கார வைத்தார்கள். கல்வி அலுவலகத்துக்கு ஒரு பேருந்து நிறைய ஆட்களைக் கூட்டிப்போனார்கள்.

அங்கே இருந்த அதிகாரி மரியாதை தெரிந்தவர். எல்லோரையும் உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். பிறகு, முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த பார்லரக்காவைப் பார்த்து இயல்பாகத்தான் கேட்டார்.

"உங்க பிள்ளை எந்த வகுப்பும்மா?"

"மூணாவதுங்க."

அவர் தலையாட்டினார். பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும்.  யாரோ ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வரும்போது பேருந்தில் பார்லரக்காவின் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. வெறுப்பில் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவளுக்கும் அது பொய் சொன்னது போல இல்லை. கேட்டார், வந்த பதிலைச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

இவ்வளவு செய்தும் வருடக் கடைசியில் பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். பெஞ்சுகளை ஏற்ற வந்த லாரியைப் பெண்கள் மறித்தார்கள். லாரி காலியாகத் திரும்பிப் போனது. ஆனால் பூட்டு பூட்டுதான். பெரிய பள்ளியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு பெற்றோராக நழுவினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் படிப்பை வைத்து யார் வீம்பு பிடிப்பார்கள்? வேன்காரனே தன் பிள்ளைகளை அங்கே சேர்த்துவிட்டு, அவளிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

பிறகு அந்தத் தெருவில் அமைதி வந்தது. பழக்க தோஷத்தில் இடைவேளை நேரத்துக்கு அவள் கத்தரியைக் கீழே வைப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் எழாது. தூரத்தில் நெடுஞ்சாலை உறுமிக்கொண்டிருக்கும். வாடிக்கைக்காரி கண்ணாடி வழியே அவளைப் பார்ப்பாள். "என்னக்கா?" என்பாள். அவள் மறுபடி கத்தரியை எடுப்பாள். சாப்பாடு குறைந்தது. சன்னலைத் திறந்தால் அமைதி உள்ளே வருகிறது என்று அதை மூடியே வைத்தாள். முன்னறையில் சாயத்தின் நெடி தங்கிவிட்டது.

மழைக்காலத்தில் கட்டடத்தை மதிப்புப் போட ஓர் ஆள் வந்தான். கிடங்கு கட்ட ஒரு வியாபாரி விலை பேசிக்கொண்டிருந்தார். அளவு நாடாவோடு உள்ளே போனவன் கொஞ்ச நேரத்தில் வெளிறிப்போய் வெளியே வந்தான். மாடி அறையில் யாரோ பெஞ்சை இழுத்தார்களாம். உள்ளே யாராவது குடியிருக்கிறார்களா என்று டீக்கடையில் கேட்டுவிட்டுப் போனான்.

அவ்வளவுதான் நடந்தது. அந்த வாரத்துக்குள் அதற்குக் கை கால் முளைத்தது. பெஞ்சு இழுத்த சத்தம் ஒரு குழந்தையின் சிரிப்பாக ஆனது. சிரிப்புக்கு ஓர் உருவம் வந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நிற்கிறதாம், மூன்றாம் வகுப்பு அறையில். வியாபாரியின் வீட்டுப் பெண்களின் காதுக்கு அது போனது. அவர் விலகிக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவரும் வாசலோடு திரும்பிவிட்டார்.

வேன்காரன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நாம கோஷம் போட்டு நடக்காதது தானா நடக்குது. இனி எவனும் இந்தக் கட்டடத்த வாங்க மாட்டான்."

அவள் ஒருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்று சொல்கிறார்கள் என்று கேட்டாள். அவன் வாய் முந்திக்கொண்டது.

"பொடிசாத்தான் இருக்குமாம். முடிய காது வரைக்கும் வெட்டி..."

பாதியில் நின்றுவிட்டான். கத்தரியும் நின்றது. அந்த முடி அவனிடமிருந்து தவிர வேறு யாரிடமிருந்தும் கதைக்குள் வந்திருக்க முடியாது என்று அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. அவன் மகன் மிளகோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்; முடி வெட்டின அன்று வீட்டுக்கு வந்து அதைப் பார்த்த ஒரே பிள்ளை.

அவள் திட்டுவாள் என்று அவன் நின்றான். அவள் திட்டவில்லை. "சரி, போ" என்றாள். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பேருந்து இருக்கையில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது சந்தோஷம். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கதையைக் கட்டிவிட்டவன் யார் என்று தெரியும். எதற்காகக் கட்டினான் என்பதும் தெரியும். இருந்தும், அளவு எடுக்க வந்த ஆள் பெஞ்சு இழுபடுகிற சத்தத்தைக் கேட்டது நிஜம்தானே என்று மனம் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. இத்தனை நாள் தான் காது கொடுத்துக் காத்திருந்தது இன்னொருவனுக்குக் கேட்டிருக்கிறது.

அன்றிலிருந்து தினமும் மதியம் தெருவைக் கடந்து போய்ப் பள்ளிச்சுவரில் காதை வைத்து நின்றாள். சுவர் வெயிலில் சூடேறியிருக்கும். கன்னம் சிவந்து வரும். தெருவில் போகிறவர்கள் பார்த்தும் பாராதது போல் போனார்கள். சில நாள் உள்ளே ஏதோ உருளும். சில நாள் இருமல் போல ஒன்று. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்வாள்: இன்றைக்குச் சத்தம் கேட்டது. அவர் தட்டிலிருந்து தலை நிமிர மாட்டார்.

ஒருநாள் நிமிர்ந்தார்.

"அவ இருந்தப்ப ஒரு பிள்ளையப் பயமுறுத்தினது கிடையாது. செத்தப்புறம் அவளப் பேயாக்கி வாசல்ல காவலுக்கு நிறுத்தியிருக்கீங்க. நீயும் அதுக்கு உடந்தை."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"இல்லைன்னும் சொல்லல."

 தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். செத்தப்புறம் என்று அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு வார்த்தை சொல்லப்பட்டிருந்தது. மகளைப் பற்றிப் பேச நேர்ந்தால், "அப்போ" என்றும் "அதுக்கப்புறம்" என்றும்தான் இருவரும் கடந்து போவது வழக்கம்.

கல்வி அலுவலகத்தில் ஆள் மாறியது. புதிதாக வந்த அம்மாள் வேறு மாதிரி. விலைபோகாத கட்டடம் அவருக்குத் தலைவலியாக இருந்தது. நெடுஞ்சாலையில் ஒரு பையனை ஸ்கூட்டர் இடித்துக் கால் முறிந்து, அதுவும் பேச்சாகியிருந்தது. போதுமான பெற்றோர்கள் பிள்ளைகளைச் சேர்க்க முன்வந்தால், கீழ் வகுப்புகளை மட்டுமாவது திறக்கலாம் என்று அவர் பெரிய டீச்சரிடம் சொல்லி அனுப்பினார். இவ்வளவு பாடுபட்டுக் கேட்டது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் யாரும் முன்வரவில்லை. லாரியை மறித்த பெண்களே மழுப்பினார்கள். பார்க்கலாம் என்றார்கள். வீட்டுக்காரர் என்ன சொல்கிறாரோ என்றார்கள். அவள் முகத்தைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. அதைச் சொன்னது ஒரு குழந்தைதான். பின் தெருத் தையல்காரி, மகளை முடி வெட்டக் கூட்டி வந்திருந்தாள். துணியைக் கழுத்தில் கட்டியதும் பிள்ளை அழ ஆரம்பித்தது. கத்தரிக்குப் பயப்படுகிறாளா என்று பார்லரக்கா கேட்டாள். இல்லையாம். காது வரைக்கும் வெட்டிவிடாதே என்று கெஞ்சியது.

"அப்படி வெட்டினா மிளகு வந்து என்னையும் உள்ள இழுத்துக்கும் அத்தை."

தையல்காரி பிள்ளையின் வாயைப் பொத்தினாள். பார்லரக்கா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, நுனியை மட்டும் கத்தரித்து, சின்னச் சிக்கல்களைப் பிரித்து, பின்னிவிட்டு அனுப்பினாள். பிள்ளை போகும்போது எதிர்ச்சுவரைப் பார்க்காமலிருக்க அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் பள்ளி வாசலுக்கு வரவேண்டும், பிள்ளைகளோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். பெரிய டீச்சரிடம் சாவி இருந்தது. வேடிக்கை பார்க்கவாவது கூட்டம் சேர்ந்தது. கணவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். வேன்காரன் தன் வேனுக்குப் பின்னால் நின்றான்.

கதவைத் திறந்ததும் அவள் மட்டும் உள்ளே போனாள். மைதானத்தில் புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. படியேறி, மாடியில் கடைசி அறை, மூன்றாம் வகுப்பு. கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் நின்று, அவள் தன்னை அறியாமல் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு தள்ளித் திறந்தாள்.

பெஞ்சுகள் இருந்தன. ஒன்று மற்றவற்றிலிருந்து விலகி, கோணலாக நின்றது. கரும்பலகையில் அழிந்தும் அழியாமலும் ஏதோ கணக்கு. சன்னல் கதவு ஒன்று கீல் விட்டுத் தொங்கியது. தரையெங்கும் புறா எச்சம். அவள் கோணல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது. மகளின் பெயரை, வீட்டில் வைத்த உண்மையான பெயரை, ஒருமுறை சொல்லிக் கூப்பிட்டாள்.

வெளியே காத்திருந்தவர்களுக்கு அது கேட்டது. ரொம்ப நேரமானது போல இருந்தது என்றார்கள். கணவர் உள்ளே போகக் காலெடுத்து வைத்தார். பெரிய டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

உள்ளே அவள் காத்திருந்தாள். சுவருக்கு வெளியே நின்று காதை வைத்தபோதெல்லாம் உள்ளே ஏதோ இருந்தது. இப்போது உள்ளே இருந்தாள், எதுவும் இல்லை. காற்று வந்து தொங்கும் சன்னலை ஆட்டியது, அது முனகியது. அது சன்னல்தான் என்று தெரிந்தது. புறா ஒன்று விட்டத்தில் நகர்ந்தது. அது புறாதான். இவ்வளவு வெறுமையாக ஓர் அறை இருக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை. மருத்துவமனையில்கூட அப்படித் தெரியவில்லை. அங்கே இன்னும் எங்கேயாவது போய்த் தேடலாம் என்று இருந்தது.

அவள் கோணல் பெஞ்சை மற்ற பெஞ்சுகளோடு சேர்த்து நேராக்கினாள். அந்தச் சத்தம் கேட்டு வாசலில் இரண்டு பிள்ளைகள் வீறிட்டன.

கீழே வந்து படியில் நின்றாள். அழவில்லை. 

"பெஞ்ச இழுத்தது நான்தான். உள்ள புறா இருக்கு, ஒரு சன்னல் கழண்டு தொங்குது. வேற யாரும் இல்ல."

யாரும் அசையவில்லை. அது போதவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தையல்காரியின் மகளைப் பார்த்துச் சொன்னாள்.

"என் பொண்ணு செத்துப்போயிட்டாம்மா. அவ இங்க இல்ல. கூப்பிட்டும் பாத்துட்டேன்."

கூட்டத்தின் ஓரத்தில் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேன்காரன் வேனின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். முதலில் நகர்ந்தவள் தையல்காரிதான். மகளைத் தூக்கிக்கொண்டு படியேறி உள்ளே போனாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். யாரோ விளக்குமாறு எங்கே என்று கேட்டார்கள். மத்தியானத்துக்குள் புறாக்களை விரட்டி, சன்னலைக் கம்பியால் கட்டி, பெஞ்சுகளைக் கழுவி வெயிலில் போட்டிருந்தார்கள். கணவர் மின்சாரப் பெட்டியைத் திறந்து பார்த்து, எலி கடித்த கம்பிகளை மாற்றிக் கொடுத்தார்.

கீழ் வகுப்புகள் மூன்றும் திறந்தன. மேல் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் நெடுஞ்சாலையைக் கடக்கிறார்கள். பெற்றோர்கள் முறை வைத்துக் கூட நடக்கிறார்கள். மறுபடி மூட மாட்டோம் என்று அலுவலகம் எழுதிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் தெருவுக்கு அந்தப் பயம் வந்துவிட்டுப் போகிறது.

திறந்த அன்று பார்லரக்கா கடையைத் திறக்கவில்லை. அந்த மாதமே கணவரிடம் வேறு வீடு பார்க்கச் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. ஊரில் பலருக்குப் புரியவில்லை. இவ்வளவு போராடித் திறக்க வைத்தவள், திறந்ததும் ஓடுகிறாளே என்றார்கள். பெரிய டீச்சர் மட்டும், சாயம் பூச இனி எவ்வளவு தூரமானாலும் அங்கேயே வருவேன் என்றார்.

சாமான் ஏற்ற வேன்காரன் வந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் அவள் கண்ணில் படவே இல்லை. கூப்பிட்டு அனுப்பியது அவள்தான். பிள்ளைகள் உட்காரும் இருக்கைகளைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். கண்ணாடியைப் போர்வையில் சுற்றி அவனே தனியாகத் தூக்கி ஏற்றினான். கூலி பேச்சை எடுக்கவிடவில்லை. கணவர் பின்னால் சாமான்களோடு ஏறிக்கொண்டார். அவள் முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தான். அவள் கையமர்த்தினாள். பெரிய தெருவுக்கு வந்து, வண்டிகளுக்காக நின்றபோது, ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, கோவிச்சுக்காத. நான்தான் கட்டிவிட்டேன், எனக்கே தெரியும். ஆனாலும் கேக்குறேன். அன்னிக்கு நிஜமாவே உள்ள ஒண்ணும் இல்லையா?"

அவள் அவனைப் பார்த்தாள். கேலி இல்லை. ராத்திரியெல்லாம் தூங்காத கண். தான் சொன்ன பொய்யில் தானே மாட்டிக்கொண்ட முகம்.

"நான் உள்ள போகும்போது இருந்துதோ என்னமோ தம்பி" என்றாள். "வரும்போது இல்ல."

பின்னால் வந்த வண்டி ஒலி எழுப்பியது. அவன் கியரைப் போட்டான். இடது பக்கம் திரும்ப வேண்டும் என்று அவள் வழி சொன்னாள்.